ஆறாவது குழி

குளித்துவிட்டு ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்த வரதராஜன், சரஸ்வதி படத்துக்கு முன்னால் கும்பிடக் கையைத் தூக்கினான். தூக்கிய கை பாதியிலேயே நின்றுவிட்டது.

தேநீர் மேசையின் மேல் நாகலட்சுமி பச்சைக்கரைப் புடவையை நான்காக மடித்து விரித்திருந்தாள். அதில் படம். படத்துக்கு இடப்பக்கம் அவளுடைய கணக்குப் புத்தகங்கள், மடக்கை அட்டவணை, காம்பஸ் பெட்டி, ஒரு டப்பா சாக்பீஸ். வலப்பக்கம் அவன் நேற்று மாலை தன் கையாலேயே எடுத்துவைத்த ஸ்பேனர் செட்டும் பைக் சாவியும் ஹெல்மெட்டும். எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தாள். ஹெல்மெட்டுக்கு நெற்றியிலேயே பெரிய பொட்டு. இதெல்லாம் போன வருடமும் இருந்தவைதான். போன வருடம் இல்லாத ஒன்று ஸ்பேனருக்கும் சாவிக்கும் நடுவில் இருந்தது. உறையிலிருந்து எடுத்து, கறுப்பு இரும்பின் மேல் சந்தனம் பூசி, மரப்பிடியில் குங்குமம் இட்டு, பக்கத்து வீட்டு வேலியோரத்து மஞ்சள் பூக்களைச் சாத்தி அவனுடைய ரிவால்வரை வைத்திருந்தாள். அதற்கு முன்னால் ஐந்து தோட்டாக்களை நெட்டுக்குத்தலாக வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் குண்டூசி முனையளவு குங்குமம்.

பத்து மாதமாக ராத்திரிதோறும் அலமாரியின் அடித்தட்டில், கம்பளிகளுக்கு அடியில், இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவந்த சமாசாரம் இப்படிப் பூவும் பொட்டுமாக உட்கார்ந்திருந்தது.

நேற்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "நாளைக்கு ஆயுத பூஜை. உங்க ஆயுதத்த எடுத்து வைங்க" என்றுதான் அவள் சொன்னாள். ஸ்பேனரையும் சாவியையும் வைத்தான். "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். "வேற என்ன இருக்கு எங்கிட்ட?" என்றான் அவன். "சரி" என்று சொல்லிவிட்டுக் கொண்டைக்கடலையை ஊறப்போடப் போய்விட்டாள். தச்சனுக்கு உளி, தையல்காரனுக்குக் கத்தரிக்கோல், அதுவும் ஆயுதம்தான், துப்பாக்கியும் ஆயுதம்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த மொழிக்காரனுக்கு அந்தக் கேள்வியில் என்ன கேட்கிறாள் என்று புரியாமல் போனதுதான் வேடிக்கை.

அவர்கள் மெல்பர்னுக்கு வந்தது நாகலட்சுமியின் தயவில். எழுபத்துமூன்றில் இங்கே கணக்கு வாத்தியார்களுக்குப் பஞ்சம் என்று கேள்விப்பட்டு, திருச்சிப் பொன்மலையிலிருந்து அவள்தான் விண்ணப்பம் போட்டாள். அவளுக்குக் கோபர்க்கில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. விசாக் காகிதத்தில் அவன் 'டீச்சருடைய கணவன்'. பட்டாளத்தில் சிக்னல்ஸ் படைப்பிரிவில் பன்னிரண்டு வருடம் டெஸ்பாட்ச் ரைடராக, அதாவது மோட்டார் சைக்கிளில் ரகசியக் கடிதம் சுமப்பவனாக இருந்தவனுக்கு இந்த ஊரில் ஒருவரும் வேலை தரவில்லை. எட்டு மாதம் பிரன்ஸ்விக் பேட்டையில் இருந்த ஃபிளாட்டின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கீழே சிட்னி ரோட்டில் டிராம்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தப் படிவத்திலும் 'தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். பள்ளி விருந்துகளில் யாராவது பல்லைக் காட்டிக்கொண்டு "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால், "இப்போதைக்கு..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் கையிலிருந்த கிளாஸைப் பார்ப்பான்.

அப்புறம்தான் இந்த வேலை. லிட்டில் காலின்ஸ் தெருவில் மாடியில் இருந்த ஒரு ரத்தினக் கம்பெனி. ஓப்பல் கற்களைப் பட்டை தீட்டுகிறவர்களிடம் கொண்டுபோக வேண்டும், தீட்டியதைத் திரும்ப வாங்கிவர வேண்டும், சில நாள் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். காரில் போனால் கண்ணில் படும், நெரிசலில் நிற்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கெவின் என்ற பழைய போலீஸ்காரர்தான் மேலாளர். மழையில் பின்முற்றத்தில் இவன் எட்டுப் போட்டு ஓட்டிக் காட்டியதைப் பார்த்துவிட்டு வேலை கொடுத்தார். கைரேகை, லைசென்ஸ், சுடுகளத்தில் பரீட்சை எல்லாம் முடிந்து ரிவால்வரைக் கையில் தந்தபோது இரண்டு கட்டளைகள் சொன்னார். துப்பாக்கி வெளியில் தெரியக் கூடாது. துப்பாக்கி இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது, வீட்டில் இருப்பவர்களுக்கும்கூட. மனைவி தன் தோழியிடம் சொல்வாள், தோழி கடையில் சொல்வாள், கடைசியில் ஒருநாள் எவனோ சந்து முனையில் காத்திருப்பான் என்றார்.

இரண்டாவது கட்டளை வரதராஜனுக்குச் சௌகரியமாகப் போயிற்று. "என்ன வேலை?" என்று நாகலட்சுமி கேட்டபோது, "பட்டாளத்துல பாத்த வேலைதான், தபால்" என்றான். அவள் அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

முதல் கட்டளைதான் பாடாய்ப் படுத்தியது. நடக்கிறவன் துப்பாக்கியை மறைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்குக் காற்றே எதிரி. நாற்பது மைல் வேகம் தொட்டதும் ஜாக்கெட் பின்னால் எழும்பிக்கொள்கிறது. அக்குளுக்குக் கீழே வைத்தால், கைப்பிடியைப் பிடிக்கக் குனியும்போது குழல் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சைப் பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பின்சீட்டில் உட்காருவது யார் என்று நினைத்த மறுகணமே அந்த உறையைக் கெவினிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். முன்னால் செருகினால் பிரேக் பிடிக்கும்போது பெட்ரோல் டாங்க் இடிக்கிறது. ஜாக்கெட் பையில் போடுவது மடத்தனம், தெறித்து விழுந்தால் தேடிப் பொறுக்க வேண்டியதுதான். கடைசியில் இடுப்புக்குப் பின்புறம், முதுகெலும்பை ஒட்டி, வார் போட்டு இறுக்கிய உறையில் வைத்துக்கொண்டான். கெவினுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. விழுந்தால் முதுகு போகும் என்றார். நான் விழுகிறவன் இல்லை என்றான் இவன்.

ஜாக்கெட் பறக்காமல் இருக்க அதன் அடிவிளிம்பில் அழுத்துப் பொத்தான்கள் வைக்க வேண்டியிருந்தது. நாகலட்சுமிதான் தைத்துத் தந்தாள். "எதுக்குங்க இவ்வளவு கெட்டியா?" என்று கேட்டாள். "குளிருது" என்றான். நல்ல ஜனவரி வெயில். அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு ஒருமுறை அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஆறு பொத்தான்களையும் இரட்டை நூலில் தைத்தாள்.

விழுகிறவன் இல்லை என்று சொன்னவன் மூன்று வாரத்துக்கு முன்னால் விழுந்தான். எலிசபெத் தெருவில் டிராம் தண்டவாளம் வளைகிற இடம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரத் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கக் கூடாது, நேர்க்கோட்டில் குறுக்கே வெட்டித்தான் கடக்க வேண்டும் என்பது இந்த ஊரில் பைக் ஓட்டுகிற சின்னப் பையனுக்கும் தெரியும். ஒரு லாரி உரசுவதுபோல் வந்ததால் அவன் சாய்வாகக் கடந்தான். முன்சக்கரம் வழுக்கி, அப்படியே தூக்கி மல்லாக்கப் போட்டது. கண்ணைத் திறந்ததும் அவன் கை காலை ஆட்டிப் பார்க்கவில்லை. ஜாக்கெட் விளிம்பைத்தான் தடவிப் பார்த்தான். ஆறு பொத்தானும் விடவில்லை. ஒரு டிராம் கண்டக்டர் ஓடிவந்து பைக்கைத் தூக்கிக் கொடுத்தார். கற்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, தோள் கிழிந்த ஜாக்கெட்டோடு, கைப்பிடி கோணிய பைக்கில் நாலு மணிக்கு வீடு வந்து சேர்ந்தான்.

முதுகில், எலும்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, உருண்டையாக ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தது. நாகலட்சுமி உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். எதற்கும் பார்த்துவிடட்டும் என்று கீழ்வீட்டுச் சத்தியபாமாவைக் கூப்பிட்டாள். சத்தியபாமா யாழ்ப்பாணத்துப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ரோட்டில விழுந்தா உரஞ்சிருக்கோணும் அண்ணை. இது குத்தின காயம். முதுகில என்ன வச்சிருந்தனீங்கள்?"

"ஸ்பேனர்."

"ஸ்பேனர் இப்பிடி வட்டமா இருக்குமோ?" என்று சிரித்தாள் சத்தியபாமா. எலும்புக்கு ஒன்றும் இல்லை, கடவுள் காப்பாற்றினார், இரண்டு நாள் படுத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நாகலட்சுமி சிரிக்கவில்லை. உப்பு முடிச்சைத் தட்டில் வைத்துவிட்டு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை அவன் குப்புறப் படுத்திருந்ததால் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். தினம் காலையில் மூலைக்கடைக்கு இறங்கிப்போய் ஆங்கிலப் பேப்பர் வாங்கிவந்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். வரதராஜன் அவள் வீடு வாங்க விளம்பரம் பார்க்கிறாள் என்று நினைத்து, "நமக்கு இந்த வாடகை வீடே போதும் நாகு" என்றுகூடச் சொன்னான். அவள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டாம் தடவை சோறு போடும்போது, போட்டுவிட்டு அவன் கையையே பார்த்தாள். ஒருநாள் திடீரென்று, "அன்னைக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?" என்றாள். "எனக்கா? கொஞ்சம்தான்" என்றான். "உங்களுக்கா..." என்று இழுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இப்போது அவள் சமையலறையிலிருந்து சுண்டல் கிண்ணத்தோடு வந்தாள். பொரிக்கு இந்த ஊரில் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற அரிசிப் பொரி டப்பாதான். அதை வெல்லத்தில் புரட்டி ஒரு தட்டில் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் ஒழுங்காக வைத்த பிறகுதான் அவன் பக்கம் திரும்பினாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றான் வரதராஜன்.

"பொத்தான் தைக்கறப்பவே சந்தேகம். காயத்தப் பாத்தப்பத் தெரிஞ்சுபோச்சு. மறுநாள் நீங்க மாத்திரை போட்டுத் தூங்குனீங்களே, அப்பச் சாவிய எடுத்துத் தொறந்து பாத்தேன்."

"கம்பெனி ரூல் நாகு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்." அவள் குரல் வகுப்பில் பேசுகிற குரலாக இருந்தது. "நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சாமி முன்னாடி மறைக்காம சொல்லுங்க. அந்த ஆளு உயிரோட இருக்கானா?"

"எந்த ஆளு?"

"நீங்க சுட்டீங்களே, அந்த ஆளு."

வரதராஜனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கூடத்துக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலியைக் கதிரை என்று சொல்கிற வழக்கம் சத்தியபாமாவிடமிருந்து அந்த வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டது.

"ஆறு ஓட்டை இருக்கு. டப்பால அஞ்சு குண்டுதான் இருக்கு. எனக்குக் கழித்தல் கணக்கு வராதா? அன்னைக்கு ஜாக்கெட்டக் கிழிச்சுக்கிட்டு வந்தீங்க. டிராம் தண்டவாளம்னீங்க. முதுகுல துப்பாக்கி அச்சு. ஒரு குண்டக் காணோம். யாரோ கல்லப் பிடுங்க வந்திருக்கான், கட்டிப் பொரண்டிருக்கீங்க, சுட்டுட்டீங்க. இதுல எந்த வரி தப்பு, சொல்லுங்க."

வரதராஜன் சிரித்துவிட்டான். மூன்று வாரமாக அவள் ஏன் ஒரு மாதிரியாக இருந்தாள் என்று புரிந்ததில் வந்த சிரிப்பு அது. ஆனால் அந்த நேரத்தில் சிரித்தது பெரிய தப்பு. அவள் முகம் சுருங்கியது. கதிரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தாள். அவள் அழுது அவன் பார்த்தது கல்யாணமான பத்து வருடத்தில் இரண்டாம் தடவை.

"நாகு, இங்க பாரு. நான் எவனையும் சுடல. ஆறாவது குண்டே கிடையாது." விளக்கிக் காட்டுவதற்காக ரிவால்வரை எடுக்கக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க. சாமிக்கு வச்சாச்சு. நாளைக்குக் காலைலதான் எடுக்கணும்."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். சமையலறைக்குப் போய், அவள் குழிப்பணியாரம் சுடுகிற ஆறு குழி கேக் தட்டை எடுத்துவந்தான். அதைத் தரையில் வைத்து, சுண்டலிலிருந்து ஐந்து கடலைகளைப் பொறுக்கி, ஐந்து குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டான். ஒரு குழியைக் காலியாக விட்டான்.

"இது உருளைன்னு வச்சுக்க. வட்டமா இருக்கும். பின்னாடி ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும், அது எந்தக் குழிமேல நிக்குதோ அதத்தான் அடிக்கும். கம்பெனி குடுத்தது பழைய மாடல். சுத்திக்குக் கீழ குண்டு இருந்து, பைக் தூக்கிப் போட்டு, சுத்திமேல ஓங்கி ஒரு இடி பட்டா வெடிச்சுடும். அதுக்காகத்தான் பைக் ஓட்டறவன் அந்த ஒரு குழிய மட்டும் காலியா விடணும். வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து அஞ்சுதான் எங்கிட்ட. கெவினக் கேட்டுப் பாரு."

நாகலட்சுமி அழுகையை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தாள். கணக்கு என்று வந்துவிட்டால் அவளுக்கு மற்றதெல்லாம் அப்புறம்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு காலியான குழியில் சுண்டுவிரலை வைத்தாள்.

"சுடறப்ப இது சுத்துமா?"

"சுத்தும். அடுத்த குழி வந்துரும்."

"அப்ப மொதத் தடவையே குண்டு இருக்கற குழிதான் வரும்."

"ஆமா."

"அப்ப இந்தக் காலிக் குழி சுடறதுக்கு இல்ல. விழறதுக்கு."

அவள் விரலைக் குழியிலிருந்து எடுத்தாள்.

"தினம் காலைல, நான் அந்தப் பக்கம் காபி போட்டுட்டு இருப்பேன். நீங்க இந்தப் பக்கம் இன்னைக்கு விழுந்தா என்ன ஆகும்னு நெனச்சு ஒரு குழியக் காலியா விடுவீங்க. அப்புறம் வந்து காபியக் குடிச்சுட்டு, 'தபால்தான், வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போவீங்க. பத்து மாசமா."

சுட்டான் என்று அவள் நினைத்தபோது வராத வெட்கம் வரதராஜனுக்கு இப்போது வந்தது. அவள் கணக்கில் போட்ட தப்பு ஒரே ஒரு வரிதான். மற்ற எல்லா வரியும் சரியாகத்தான் இருந்தது.

"பேப்பர் எதுக்கு வாங்கினேன்னு தெரியுமா? எங்கயாவது எவனாவது குண்டடி பட்டுக் கெடக்கானான்னு பாக்க. ஒண்ணும் வரல. வராததும் பயமா இருந்துச்சு. எவன்னு தெரியல, என்ன பேர்னு தெரியல. பொழச்சுக்கணும்னு தினம் சாயந்தரம் அவனுக்காக ஒரு வெளக்குப் போட்டேன்." நாகலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போலீஸ் வந்தா என்ன சொல்றதுன்னுகூடப் பழகி வச்சிருந்தேன். அன்னைக்கு முழுக்க அவருக்குக் காய்ச்சல், வீட்டுலதான் படுத்திருந்தாருன்னு. இங்கிலீஷ்ல. குளிக்கறப்ப சொல்லிச் சொல்லிப் பாத்தேன்."

அந்த ஆங்கில வாக்கியத்தை அவள் சொல்லிக் காட்டினாள். இலக்கணம் சுத்தமாக, உச்சரிப்பு ஒவ்வொன்றும் நிதானமாக, ஒரு தேற்றத்தை நிரூபிப்பதுபோல் இருந்தது. பொய் சொன்னால் காது சிவந்துபோகிற பெண் அவள். ஒரு சம்பளநாளில் பத்து டாலர் தவறுதலாக அதிகம் வந்ததற்கு மறுநாளே ஆபீஸில் போய்ச் சொல்லிவிட்டு வந்தவள். ஒரு மனிதனைச் சுட்டுவிட்டு வந்தவன் என்று நம்பிக்கொண்டே அவனுக்கு ஒத்தடம் கொடுத்திருக்கிறாள், சோறு போட்டிருக்கிறாள், அவனுக்காகப் பொய் சொல்லப் பயிற்சி எடுத்திருக்கிறாள். இவளுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று நினைத்தான். வாயைத் திறந்தால் ஏதாவது உளறிவிடுவோம் என்று பயந்து, கேக் தட்டிலிருந்த கடலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் திரும்பப் போட்டான்.

சுவர்க் கடிகாரம் எட்டேகால் காட்டியது. ஒன்பதரைக்கு அவன் லிட்டில் காலின்ஸ் தெரு மாடியில் இருக்க வேண்டும். துப்பாக்கி இல்லாமல் கற்களைத் தொடக் கூடாது என்பது விதி. துப்பாக்கியைப் பூட்டாமல் விட்டுவிட்டு வீட்டைவிட்டு நகரக் கூடாது என்பதும் விதி. சாமிக்கு வைத்ததை நாளைக் காலைக்கு முன்னால் எடுக்கக் கூடாது என்பது அவள் விதி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே விடைதான் வந்தது. நாகலட்சுமியிடம், "நான் வர்ற வரைக்கும் இந்த எடத்த விட்டு நகராத" என்று சொல்லிவிட்டு, தெருமூலையிலிருந்த டெலிபோன் பெட்டிக்குப் போனான். முதுகு இன்னும் சரியாகவில்லை என்று கெவினிடம் சொன்னான். விழுந்த பிறகு எடுக்கிற மூன்றாவது லீவு இது, நாளைக்கும் வர முடியாது என்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் கெவின். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வரதராஜனுக்கு உறைத்தது.

நாகலட்சுமி பள்ளிக்குக் கிளம்பினாள். "உன் சாக்பீஸ்கூட சாமிகிட்டத்தான இருக்கு" என்றான். "ஸ்கூல்ல வேற சாக்பீஸ் இருக்கு" என்றாள். வேலையை விட்டுவிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டது. அவன் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கதிரையை இழுத்துப் பூஜைக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டான்.

சரஸ்வதிக்கும் ரிவால்வருக்கும் ஒரு நாள் முழுக்கக் காவல். பட்டாளத்தில் இருந்தபோது விதவிதமான காவல் இருந்திருக்கிறான், இந்த மாதிரி இருந்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே டிராம்கள் போயின, வந்தன. அந்த எட்டு மாதம் கேட்ட அதே சத்தம். அந்த நாட்களில் டிராம் நிற்கிற ஓசையை வைத்தே மணி சொல்லப் பழகியிருந்தான். மத்தியானத்துக்குள் அந்தப் பழக்கம் திரும்பி வந்துவிட்டதைக் கவனித்ததும் அவனுக்குப் பயம் வந்தது. எழுந்து போய் சுண்டலைச் சாப்பிட்டான். வேலையை விட்டால் இந்தக் கதிரைதான். விடாவிட்டால் அவள் மறுபடியும் பேப்பர் வாங்குவாள். மறைத்து வைத்தால் அவளுக்குப் பயம் இருக்காது என்று நினைத்தான். மறைத்தது துப்பாக்கியை மட்டும்தான், பயம் வீடு முழுக்க நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது.

நாலரைக்கு அவள் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான். "வேணாம்னு சொல்லு. விட்டுர்றேன்."

"விட்டுட்டு?"

"வேற ஏதாவது..."

"ஜன்னலோரமா உக்காந்து நான் வர்றத எட்டிப் பாத்துட்டு இருப்பீங்க. டிராமிலேர்ந்து எறங்குறப்ப தெனம் அந்தத் தலையப் பாத்திருக்கேன். உங்களுக்குத் தெரியாது, அதப் பாக்க முடியாம ரெண்டு ஸ்டாப் தள்ளி எறங்கி மெதுவா நடந்து வந்திருக்கேன்." பையை மேசையில் வைத்தாள். "அது வேணாம். ஆனா இதுவும் இப்படி வேணாம்."

"எப்படி வேணும்?"

அவள் காபி போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள். "போறப்ப அஞ்சு. வர்றப்ப அஞ்சு. ரெண்டு தடவையும் நான் எண்ணணும். எங்க வச்சுக்கறீங்கன்னு காட்டணும். முதுகுப் பக்கம் வைக்கவே கூடாது. விழுந்தா விழுந்தேன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

வேறு யாருக்கும் தெரியக் கூடாது, சத்தியபாமாவுக்குக்கூட என்றான் அவன். நான் எதைச் சொன்னேன் இதைச் சொல்ல என்று கேட்டாள் அவள். அது உண்மைதான்.

மறுநாள் விஜயதசமி. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் தோட்டத்து எலுமிச்சம்பழம் இரண்டைப் பைக்கின் இரண்டு சக்கரங்களுக்கும் கீழே வைத்துவிட்டு வந்து, ரிவால்வரை அவளே பூஜையிலிருந்து எடுத்தாள். "விரல உள்ள விடாத. குழல் தரையப் பாக்கட்டும்" என்று அவன் சொல்லச் சொல்ல, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாள். சந்தனத்தையும் குங்குமத்தையும் அவன் எண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தான். அவள் தோட்டாக்களை ஒவ்வொன்றாக அவன் உள்ளங்கையில் வைத்து எண்ணினாள். அவன் இடுப்பின் வலப்பக்கம், எலும்புக்கு முன்னால், சதை இருக்கிற இடமாகப் பார்த்து உறையைக் கட்டிக்கொண்டதும் அவளே ஜாக்கெட்டை இழுத்துவிட்டு ஆறு பொத்தானையும் போட்டாள். போட்டுவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்று, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "தெரியல" என்றாள்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கிய வாசனையோடு வண்டி தெருவுக்கு இறங்கியது. அன்று முழுக்க மழை விட்டுவிட்டுப் பெய்தது. எலிசபெத் தெரு வளைவு வந்தபோது அவன் வேகத்தைக் குறைத்து, பின்னால் ஒரு கார் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தும் அசராமல், வண்டியை நேராக்கித் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தான்.

பிரன்ஸ்விக் வந்து சேரும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. விமான நிலையத்தில் தாமதம். மழை ஓய்ந்து, மேற்கே தாழ்வாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நாகலட்சுமி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பள்ளிப் புடவையைக்கூட மாற்றவில்லை. எங்கே இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் கையை நீட்டினாள். உள்ளங்கை ரேகையெல்லாம் சாக்பீஸ் தூள்.

வரதராஜன் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்று, ரிவால்வரை எடுத்து, உருளையைத் தள்ளித் திறந்து அவள் பக்கம் காட்டினான். ஐந்து பித்தளை வட்டங்கள். அவள் உதடுகள் அசைந்தன. ஐந்து முடிந்து ஆறாவதில் நின்றன. வெளியிலிருந்து வந்த வெயில் அந்தக் காலிக் குழி வழியாக நுழைந்து, அவள் நீட்டியிருந்த கையில் ஒரு கடலை அளவு வட்டமாக விழுந்திருந்தது.

அவள் கையை நகர்த்தவில்லை. அவனும் உருளையைச் சாய்த்து ஐந்தையும் கொட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். நாகலட்சுமி விரல்களை மெல்ல மடக்கி மூடினாள். அந்த வெளிச்சம் அவள் மூடிய விரல்களின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.